விரலுக்கு ஸ்கேன்

ஒரு மழைநாள் காலையில் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த பெண், "டீச்சர், கைல எல்லாம் சாக்பீஸ் பொடி" என்றாள். கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் அழுத்தித் துடைத்தபோதுதான் தெரிந்தது, அது பொடி இல்லை. இரண்டு விரல்கள் நடுக்கணுவரை வெள்ளைவெளேரென்று மரத்துக் கிடந்தன. பத்து நிமிடத்தில் அவை நீலமாகி, பிறகு சிவந்து, ஊசி குத்துவதுபோல் வலித்து, என் விரல்களாகத் திரும்பி வந்தன.

எனக்குச் சந்தேகப்படும் குணம் உண்டு. இருபத்துமூன்று வருடமாகக் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழியைப் பார்க்காமல் மதிப்பெண் போடமாட்டேன். பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதியவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று பள்ளியில் பெயர். ஆனால் என் விரல்களைச் சந்தேகப்பட எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

அந்த ஒரு வருடத்தில் கல்யாண மோதிரம் கழற்ற முடியாமல் போய், கருங்கல் ஊர்ச் சந்தையில் ஒரு தட்டான் அதைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார். வாயை முழுதாகத் திறந்து ஒரு உருண்டைச் சோறு வைக்க முடியவில்லை. முகத்தில் இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆசிரியர் அறையில் எல்லாரும், "டீச்சருக்கு வயசு கீழ இறங்குது, என்ன கிரீம் போடுதிய?" என்று கேட்டார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்குக் கன்னம் இழுத்துப் பிடித்தது.

என் கணவர் பல வருடம் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து, பக்கத்து ஊரான புதுக்கடையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அவர்தான் வற்புறுத்தி என்னை நாகர்கோவிலுக்கு, மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். என்னைவிடப் பத்து வயது இளைய பெண். ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னாள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே தப்பாகத் திரும்பி, தோலை நார்போல இறுக்கிவிடுமாம். உள்ளே நுரையீரல்வரை போகலாமாம். "ஆரம்பத்திலயே வந்திருக்கீங்க" என்றாள். எல்லா டாக்டரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் என் தோலைக் கிள்ளத் தொடங்கினாள். முகம், நெஞ்சு, கை, விரல், தொடை, பாதம் என்று பதினேழு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் சைபரிலிருந்து மூன்றுவரை ஒரு மதிப்பெண். மடிப்பாகத் தூக்க வந்தால் சைபர், அசையவே இல்லை என்றால் மூன்று. கூட்டினால் பதினெட்டு வந்தது. அவள் வெளியே போன நேரத்தில் பயிற்சி டாக்டர் ஒருவன் வந்து, தானும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டுக் கிள்ளினான். அவன் கணக்கில் பதின்மூன்று.

"ஒரே தாளுக்கு ரெண்டு மார்க்கா?" என்று டாக்டர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"விரலால பார்க்கிறதுல ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் டீச்சர்."

"கொஞ்சமா? அஞ்சு மார்க்கு."

அவள் சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரியும் என்று அப்போதே தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய கடைப் பையிலிருந்து செம்புக் கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியை எடுத்து, புறங்கைத் தோலை இழுத்து அதற்குள் வைக்கப் பார்த்தேன். தோல் மடிந்து வரவே இல்லை. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அது கம்பிக்கு உள்ளதாக்கும். கையப் புண்ணாக்காத."

"அவ கிள்ளிப் பாத்து மார்க்கு போடலாம், நான் அளந்து பாக்கக்கூடாதா?"

அவர் அளவியை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தார்.

அடுத்த முறை இதை நான் டாக்டரிடம் சொன்னபோது அவள் என் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தோலுக்கே ஸ்கேன் செய்து பார்க்கலாம், மிக நுணுக்கமாகக் காட்டும் கருவி ஒன்று இப்போது வந்திருக்கிறது, தோலின் தடிமனை மில்லிமீட்டரில் சொல்லும் என்றாள். எனக்கு மில்லிமீட்டர் என்ற சொல் பிடித்தது. விரலுக்கு ஸ்கேன் என்பது பிடிக்கவில்லை. ஸ்கேன் என்றால் எனக்குத் தெரிந்தது வயிற்றுக்கு எடுப்பது, அதுவும் ஒரே காரணத்துக்கு. புதிய மெஷின் வாங்கியிருக்கிறார்கள், அதற்கு ஆள் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஸ்கேன் மெஷினை அதற்கென்று பதிவு செய்த அறையைவிட்டு எடுக்கக்கூடாதாம். அதனால் நான்தான் அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகைக்குக் கீழே, தண்ணீர் பாட்டிலும் கையுமாக வரிசையாக இளம்பெண்கள். நடுவில் நாற்பத்தேழு வயதில் நான். மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒருவர் எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கத்தில் செயலாளர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சரே, இஞ்ச என்ன? விசேஷமா?"

அவர் கண் என் வயிற்றுக்குப் போய்விட்டு வந்தது. அந்தச் சமயம் நாங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தோல் வியாதி என்று ஒரு சொல் வெளியே போனால் அது எந்த ரூபத்தில் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். கர்ப்பம் என்றால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒருமாதிரி ஆட்டினேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நாலைந்து பேர் என் சேலைக் கொசுவத்தையே பார்த்தார்கள். யார் யாரிடம் எவ்வளவு போயிருக்கிறது என்று அன்றுமுதல் ஒவ்வொரு முகமாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தேன்.

உள்ளே இருட்டறை. டாக்டர் என் முன்கையில் களிம்பை ஒரு விரல் உயரத்துக்குப் பிதுக்கினாள். குளிர்ந்தது. விரல் நுனிகள் உடனே வெளுத்தன. அவள் அதைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொல்லி, மீதிக் களிம்பு டியூபை வெந்நீரில் போட்டு வைக்கச் சொன்னாள். பேனா மாதிரி இருந்த ஒரு முனையைக் களிம்பின்மேல் மிதக்கவிட்டதுபோல் வைத்தாள். திரையில் மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்கும் கீழே கறுப்பு.

"கோடு, மேல்தோல். இந்தப் பட்டைதான் உள்தோல், அதைத்தான் அளக்கப்போறோம். கறுப்பு, கொழுப்பு" என்றாள். பட்டையின் மேலும் கீழும் இரண்டு சின்னக் குறி வைத்தாள். முன்கை ஒன்று புள்ளி எட்டு. நடுவிரல் ஒன்று புள்ளி நான்கு. பையில் இருந்த பேனாவால் இரண்டையும் என் சிட்டையில் குறித்துக்கொண்டேன். மாத்திரை எழுதித் தந்தாள். காலையும் மாலையும், ஒருவேளைகூட விடக்கூடாது.

நாலு மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். அன்று நான் ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போது, தாழ்வாரத்தின் கடைசியில் என் கணவரும் டாக்டரும் பேசிக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

"என்ன பேசினிய?"

"ஒண்ணுமில்ல, மழையப் பத்தி."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஸ்கேனில் முன்கை ஒன்று புள்ளி ஆறு என்று வந்தது. டாக்டர் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் இந்த முறை களிம்பைக் குறைவாக வைத்திருந்தாள். முனை என் தோலைத் தொட்டதை நான் உணர்ந்தேன். அழுத்தினால் எந்தப் பட்டையும் மெலியும். என்னைத் தைரியப்படுத்த இரண்டு பேரும் சேர்ந்து எண்ணைக் குறைக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தோன்றியது.

"இன்னும் நல்லா அழுத்தி ஒருதடவ எடுங்க" என்றேன்.

"எதுக்கு டீச்சர்?"

"எடுங்களேன்."

அவள் அழுத்தினாள். ஒன்று புள்ளி மூன்று. "களிம்பை நிறைய வச்சு, தொடாம எடுங்க" என்றேன். ஒன்று புள்ளி ஏழு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது.

"நீங்க சொல்றது சரி. முதல்ல எடுத்ததுல என் கை கொஞ்சம் பட்டிருக்கு. ஒன்று புள்ளி ஏழுன்னே எழுதுறேன்" என்றாள். பிறகு தன் கோட்டுக் கையை மடக்கி, தன் முன்கையிலேயே களிம்பை வைத்து முனையை மிதக்கவிட்டாள். பட்டை என்னுடையதைவிட மெல்லியதாக, ஒன்று புள்ளி ஒன்று என்று நின்றது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வியாதி இருப்பதை நான் முதல்முறையாக நம்பினேன் என்று நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அதைச் செய்யவில்லை.

ஒன்று புள்ளி ஏழு என்றாலும் குறைந்துதானே இருக்கிறது. நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அந்த மாத்திரை என் வயிற்றைக் கலக்கும். எட்டரை மணிக்குச் சாப்பிட்டால் முதல் பீரியடு நடுவில் வகுப்பைவிட்டு ஓடவேண்டும். ஆசிரியைகளின் கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். ஒருநாள் பாதி கணக்கில் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடியபோது பின்னால் பிள்ளைகள் சிரித்தது கேட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வேறு அர்த்தத்தோடு, "மாசமா இருந்தா அப்படித்தான் டீச்சர்" என்றார். அதன்பிறகு பள்ளி இருக்கும் நாட்களில் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்தினேன். சனி ஞாயிறு மட்டும் சாப்பிட்டேன். மிச்ச அட்டைகளை, யாரும் தொடாத விடைத்தாள் பையில் போட்டுவைத்தேன்.

மூன்றாவது ஸ்கேனுக்குப் போனபோது கிள்ளிப் பார்த்த மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. எனக்கும் எதுவும் மோசமானதாகத் தெரியவில்லை. இருட்டறையில் டாக்டர் களிம்பை நிறைய வைத்தாள், முனை தோலில் படவே இல்லை, நான் கவனித்தேன். ஒன்று புள்ளி ஒன்பது. மூன்று தடவை எடுத்தாள். அதேதான்.

"டீச்சர், மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" திரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"சாப்பிடுறேன்."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. பார்த்து எழுதியவனிடம் நானும் இப்படித்தான் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். அவன் என்ன முகம் வைத்துக்கொள்வானோ அந்த முகத்தோடு நான் களிம்பைத் துடைத்தேன்.

அன்று மாலை வீட்டில் விடைத்தாள் பையை எடுத்தேன். அட்டைகள் இல்லை. தாள்களைக் கொட்டிப் பார்த்தேன். கணவர் அடுக்களையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்க பையத் தொட்டியளா?"

அவர் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். "போன வாரமே பாத்தேன். உங்கிட்ட கேட்டா இல்லண்ணு சொல்லுவ. அதுனால இன்னைக்குக் காலத்த அட்டையக் காட்டி டாக்டர்ட்ட சொல்லிட்டேன். நான் சொன்னதா காட்டிக்கிடாதியண்ணும் சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாத்திரையை விட்டது நான்தான். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்கேன் என்னைக் கண்டுபிடிக்கவில்லை, இவர் காட்டிக்கொடுத்திருக்கிறார் என்பதுதான் தெரிந்தது. அப்படியானால் அந்த ஒன்று புள்ளி ஒன்பது? மாத்திரை சாப்பிடவில்லை என்று முன்கூட்டியே தெரிந்தவள், குறியை ஒரு மயிரிழை தள்ளி வைத்திருந்தால்? என்னைப் பயப்படுத்தி மாத்திரை விழுங்கவைக்க இரண்டு பேரும் போட்ட திட்டமாக இருந்தால்?

"முதல்லயும் அவகிட்ட தனியா பேசினியளே, மழையப் பத்தி. அது என்னது?"

அவர் உடைத்த தேங்காய் மூடிகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "நுரையீரல்ல ஏறினா எத்தன வருசம்ணு கேட்டேன்" என்றார். "அதுக்கு அவ, இப்போ ஏறல்ல, அதக் கேக்காதியண்ணு சொன்னா. அதை உங்கிட்ட எப்பிடிச் சொல்லுகது?"

அதைக் கேட்ட பிறகும் நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. சனிக்கிழமை அவரிடம் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறி நாகர்கோவில் போனேன்.

"அவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். ஸ்கேன்ல தெரியல்ல" என்றேன் உட்காரும் முன்பே.

டாக்டர் பேனாவை மூடினாள். "அவர் சொன்னது உண்மை. ஸ்கேன்ல கூடியிருந்ததும் உண்மை. அவர் சொல்லலைன்னாலும் நான் கேட்டிருப்பேன். ஆனா அதை உங்களுக்கு எப்படி நிரூபிக்கிறதுன்னு எனக்குத் தெரியல டீச்சர்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமில் தாளின் முகப்பைக் கிழித்துவிட்டு வேறு ஒரு எண் போட்டுத் தருவார்கள். யார் எழுதியது, எந்தப் பள்ளி, எதுவும் திருத்துகிறவருக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். என்னைத் தெரியாத, பழைய எண்ணைப் பார்க்காத ஒருவர் அளக்க வேண்டும். அளக்கும்போது எண் தெரியும் மூலையைக் காகிதத்தால் மறைக்க வேண்டும். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வரிசையில் வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அவள் எரிச்சல்பட்டது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் போனை எடுத்து, வேறு பிரிவிலிருந்து ஸ்கேன் தெரிந்த ஒரு டாக்டரைக் கூப்பிட்டாள். தன் அறையைவிட்டு அவள் வரவில்லை.

வந்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நர்ஸ் திரையின் மூலையில் ஒரு மருந்துச்சீட்டை ஒட்டினாள். அவர் முன்கையில் மூன்று தடவை, விரலில் மூன்று தடவை குறி வைத்துவிட்டுப் போனார். பிறகு நர்ஸ் சீட்டை உரித்தாள். நான்தான் முதலில் படித்தேன். முன்கை ஒன்று புள்ளி எட்டு எட்டு. எங்கள் முகாமில் இரண்டு பேருக்கு இடையில் இவ்வளவு சின்ன வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளைக் கூப்பிடமாட்டார்கள்.

டாக்டரின் அறைக்குத் திரும்பிப் போய், "சனி ஞாயிறு மட்டும்தான் சாப்பிட்டேன்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம் என்பதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் வேறு வகை மாத்திரையாக மாற்றி, சின்ன அளவில் தொடங்கி ஏற்றலாம் என்றாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவள் சொல்லவில்லை.

தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லவேண்டி வந்தது. அவர் முதல் பீரியடை எனக்கு இல்லாமல் மாற்றித் தந்தார். வகுப்பறையையும் மைதானத்தின் இந்தப் பக்கத்துக்கு மாற்றினார். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்தது. சபையில் செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்து, "நான் என்னவோ நெனச்சேன், மன்னிச்சுக்கோங்க" என்றார். மகளைப் பார்த்துப்போயிருந்த ஒரு வீட்டார் அதன்பிறகு பதிலே சொல்லவில்லை. வியாதியைக் கேள்விப்பட்டுத்தானா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை தெரியாது. எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. மகள் என்னிடம், "அந்த ஆளுவ போனது நல்லதுதான் அம்மா" என்றாள். எனக்காகச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தையும் பார்த்தேன்.

கணவரிடம் பேச ஆரம்பித்தேன். ஆனால் ஒன்று சொல்லிவிட்டேன். "இனி எனக்க காரியத்த என்னையும் வச்சுத்தான் பேசணும். தாழ்வாரத்துல நிண்ணு பேசப்பிடாது." அவர் சரி என்றார். இப்போதெல்லாம் மருத்துவமனைக்கு வந்தால் எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். நான் வெளியே வரும்போது அவர் முகத்தில் இருக்கும் பயத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. முன்பும் தெரிந்திருக்காது, நான்தான் அதை வேறொன்றாகப் படித்திருக்கிறேன்.

அதன்பிறகு இரண்டு ஸ்கேன் ஆகிவிட்டது. இரண்டிலும் எண்ணை மறைத்துத்தான் அளந்தார்கள். நான் கேட்காமலே டாக்டர் சீட்டை ஒட்டினாள். முன்கை ஒன்று புள்ளி ஐந்துக்கு இறங்கியிருக்கிறது. தோலை இப்போது மெல்ல மடிக்க வருகிறது. விரலில் மட்டும் அதே ஒன்று புள்ளி நான்கு. கடைசியாகப் போனபோது, விரலும் இறங்குமா என்று கேட்டேன்.

"முன்கை அளவுக்கு இறங்காது டீச்சர்" என்றாள். "இன்னும் கொஞ்சம் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். இனி இறுகாம பார்த்துக்கிறதுதான் எங்க வேலை."

அவள் கையைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். வேறு எதையும் தேடத் தோன்றவில்லை. களிம்பைத் துடைத்துவிட்டு, அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.